கடைவீட்டு நடுமுற்றத்தை மூடலாமா?

சூலியாத்தெரு | வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் தாத்தா காலத்துக் கடைவீடு ஒன்று போன மாதம் என் பொறுப்புக்கு வந்தது. அகலம் 18 அடி, ஆழம் 90 அடிக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். கீழே தாத்தாவின் மளிகை, மேலே குடும்பம் என்று இருந்த வீடு, 12 வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது.

வீட்டின் நடுவில் ஒரு முற்றம். இங்கே எல்லாரும் ஏர்வெல் என்போம். அரிசி மூட்டைமேல் சாரல் அடிக்கிறது என்று 1990களில் அப்பா அதைப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டார். இப்போது உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. சுவர் இடுப்பளவு உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயிண்டு கொப்பளித்து, உப்புப் பூத்து நிற்கிறது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் சொல்லும் வழி: தகட்டை எடுத்துவிட்டு நல்ல கண்ணாடிக் கூரை, முழுக்க ஏர்கான், மேலே ஆறு அறை, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை. முகப்பை அப்படியே வைத்து வர்ணம் பூசினால் போதும், பாரம்பரியமும் ஆச்சு வருமானமும் ஆச்சு என்கிறார். அம்மாவுக்கோ அங்கேயே குடியிருக்க ஆசை. முற்றத்தை மூடலாமா, கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு | வெள்ளி, இரவு 11.15

தம்பி, முதல்ல அந்தத் தகட்டைக் கழட்டு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உள்சுவர்ப் பூச்சு பழைய சுண்ணாம்பா, இல்ல நடுவுல யாராவது சிமெண்டு பூசினாங்களா? ஒரு இடத்துல சாவியால சுரண்டிப் பாத்துச் சொல்லு.

கோடும்கல்லும் | சனி, காலை 7.20

சிங்கப்பூரில் கட்டடக் கலைஞராக இருக்கிறேன். கடைவீடு புதுப்பிப்புதான் பெரும்பாலும் என் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டை முகப்பிலிருந்து பார்க்கத் தொடங்கினால் புரியாது. பக்கச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். மாடித் தளத்து மர உத்தரங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடும். நல்ல மரம் எத்தனை அடிக்குத் தொய்யாமல் நிற்குமோ அதுதான் வீட்டின் அகலம். அதனால்தான் மலாக்காவில் பார்த்தாலும் சிங்கப்பூரில் பார்த்தாலும் கடைவீடுகள் 16 அடி, 18 அடி, 20 அடி என்றே நிற்கின்றன. பாரமெல்லாம் பக்கச் சுவரில் இறங்குகிறது. முன்சுவருக்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் அதில் இத்தனை சன்னல், இத்தனை பூவேலை.

பக்கத்தில் சன்னல் வைக்க வழியில்லை. வாசல் வெளிச்சம் முன்கூடத்தோடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் 60, 70 அடி எப்படி மூச்சு விடும்? முற்றம் வழியாகத்தான். வெயில் ஏற ஏற வீட்டுக்குள் சூடாகும் காற்று முற்றத்தின் வழியே மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப, வீட்டுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைவழியான அஞ்சடியின் நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று வாசல் அரைக்கதவின் மேலாக உள்ளே வரும். தளம் போடாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஓட்டுக்கூரை இடுக்கு வழியாகவும் சூடு கசியும். வெளிச்சம், காற்று, மழைத்தண்ணீர் மூன்றும் ஒரே துளையில் வந்து போகின்றன. அந்தத் துளையை அடைத்தால் 90 அடிக் குகைதான் மிஞ்சும். உங்களுக்கு மூச்சு முட்டியதற்கும் சுவர் காயாததற்கும் காரணம் அங்கே இருக்கிறது.

அஞ்சடியும் அப்படித்தான். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராபிள்ஸ் 1822ல் நகரத் திட்டம் போட்டபோது, செங்கல் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி முகப்போடு, தெருவின் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக, கூரையுள்ள நடைவழி விட்டுக் கட்டப்பட வேண்டும் என்றார். நிலம் வீட்டுக்காரருடையது, நடப்பது ஊர். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரிந்து இல்லை. பிற்பாடு தைவானிலும் தென்சீனத்திலும் இதே மாதிரித் தெருக்கள் எழுந்தன.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவது பாதுகாப்பு ஆகாது. உங்கள் வீட்டில் பாரம்பரியம் என்று ஒன்று இருந்தால் அது அந்த முற்றத்தில் இருக்கிறது. என் முடிவான கருத்து: மூடாதீர்கள்.

மாடியறை | சனி, காலை 9.05

மேலே எழுதிய மகளின் படிப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த வீடுகளில் வாழ்ந்தவன் ஒருவன் பேச வேண்டும்.

1951ல் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தேன். அந்த ஒரு மாடியைப் பலகை அடித்து ஏழு அறையாகப் பிரித்திருந்தார்கள். அறைக்கு ஒரு குடும்பம். எங்கள் அறைக்குச் சன்னல் இல்லை. பலகை மேலே கூரைவரை போகாது, அதனால் ஒரு வீட்டு இருமல் ஏழு வீட்டுக்கும் கேட்கும். ஒரே சமையல்கட்டு, ஏழு அடுப்பு. மலவாளியை எடுக்க விடியற்காலையில் ஆள் வருவார். நீங்கள் சொல்லும் முற்றத்துக்கும் பலகை போட்டு, அதன்மேல் ஒரு குடும்பம் படுத்திருந்தது. அம்மாவுக்குக் காசநோய் வந்தது அந்த வீட்டில்தான்.

1968ல் தோ பாயோவில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு கிடைத்தது. அம்மா முதல் நாள் செய்த வேலை, எல்லாச் சன்னலையும் திறந்து வைத்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததுதான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இன்றைக்கு அதே மாதிரி மாடிகளைக் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று படிக்கிறேன். நல்லது. ஆனால் பழைய வீடு என்றால் சுகம் என்று இளைஞர்களுக்குச் சொல்லாதீர்கள்.

கோடும்கல்லும் | சனி, காலை 10.30

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். அது ஆவணங்களிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சுகாதாரத்தைப் பற்றி 1907ல் சிம்ப்சன் என்ற மருத்துவர் கொடுத்த அறிக்கை, சன்னல் இல்லாத இந்தத் தடுப்பறைகளையும் முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளையும்தான் நோய்க்குக் காரணமாகக் காட்டியது. நாம் இன்று பார்க்கும் பின்சந்துகள் அதன் பிறகு, வீடுகளின் பின்பகுதியை இடித்து உருவாக்கப்பட்டவை.

ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். ஒரு குடும்பத்துக்கும் ஒரு கடைக்கும் கட்டிய வீட்டில் ஏழு குடும்பம் இருந்தது. முற்றத்துக்கே பலகை போட்டார்கள் என்கிறீர்கள். அம்மாவைப் படுக்க வைத்ததில் அந்தப் பலகைக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. போருக்குப் பின் 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாடு ஏழைகளைக் காப்பாற்றியது. ஆனால் அந்த வாடகையில் கூரை ஓட்டை மாற்ற எந்த வீட்டுக்காரரும் முன்வரவில்லை. வீடுகள் பாழானதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

மாடியறை | சனி, காலை 10.52

அது சரி. பலகையை நான் மறக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதை விட்டால் தெருதான் இருந்தது என்பதையும் மறக்கவில்லை.

செம்பாறு | சனி, பகல் 1.10

ஹனோயில் நான்கு வருஷமாக வேலை. இங்கே பழைய 36 தெருப் பகுதியில் இருப்பதும் நம் கடைவீட்டின் உறவுதான், குழாய் வீடு என்கிறார்கள். சிலது மூன்று மீட்டர்கூட அகலம் இருக்காது, ஆழம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மா மே தெருவில் 87ஆம் எண் வீட்டை 1999ல் பிரான்சின் துலூஸ் நகரத்தோடு சேர்ந்து பழைய முறைப்படி சீர்செய்து, பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். முன்கூடம், முற்றம், அறை, மறுபடி திறந்தவெளி, பிறகு சமையல் என்று வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும். ஜூன் மாதப் புழுக்கத்தில் உள்ளே போனேன். மின்விசிறி இல்லாத இடத்தில் சட்டை காய்ந்தது.

இதற்கு நேர் எதிராக, 1986 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுந்த புதுக் குழாய் வீடுகள். அதே நாலு மீட்டர் அகலம், ஐந்தாறு மாடி, முற்றம் என்ற பேச்சே இல்லை. நான் குடியிருப்பதும் அப்படி ஒன்றில்தான். மூன்றாவது மாடி நடு அறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டும்.

அதே அகலத்தை வைத்துக்கொண்டு நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஹோ சி மின் நகரில் கட்டடக் கலைஞர் வோ ட்ராங் ந்யா குழுவினர் 2011ல் கட்டிய ஒரு வீடு: 4 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். முன்னும் பின்னும் சுவருக்குப் பதிலாக நீண்ட கான்கிரீட் தொட்டிகளை ஏணிப்படி மாதிரி அடுக்கி, செடி வைத்து, தொட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் ஓடவிட்டிருக்கிறார்கள். உள்ளே தடுப்புச் சுவர் குறைவு. காற்று முன்னால் புகுந்து பின்னாலும் மேலாகவும் போய்விடும். பழைய வீடு மாதிரித் தெரியவே தெரியாது. ஆனால் பழைய வீட்டுக்குத் தெரிந்தது அதற்கும் தெரிந்திருக்கிறது.

கொபே_குமரன் | சனி, பகல் 2.45

ஜப்பானில் இருந்து ஒரு வார்த்தை. கியோத்தோவின் மாச்சியாவும் முன்னால் கடை, பின்னால் வீடு. அதன் நீளத்தைப் பார்த்து விலாங்குமீன் படுக்கை என்று அங்கே பேர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பாயளவுக்குச் சின்னத் தோட்டம். கோடையில் அதில் தண்ணீர் தெளிப்பார்கள்.

முற்றத்தில் பிடிவாதமாக நின்றவர் என்றால் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ. ஒசாகாவின் சுமியோஷியில், வரிசையாக ஒட்டி நின்ற மூன்று மரவீடுகளில் நடுவீட்டை எடுத்துவிட்டு 1976ல் கான்கிரீட் வீடு கட்டினார். தெருப்பக்கம் ஒரு வாசல், சன்னலே கிடையாது. நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பகுதியை வானத்துக்கு விட்டுவிட்டார். படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போக மழையில் குடை பிடிக்க வேண்டும். அவ்வளவு சின்ன மனையில் மூன்றில் ஒரு பங்கை ஆகாயத்துக்குக் கொடுப்பதா என்று திட்டியவர்கள் நிறைய. ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகம் 1979ல் விருது கொடுத்தது.

எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. என் அம்மாவை அந்த வீட்டில் ஒரு மார்கழி இரவுகூடத் தங்க வைக்க மாட்டேன். சூலியாத்தெரு, உங்கள் அம்மா வயதையும் கணக்கில் எடுங்கள்.

சூலியாத்தெரு | சனி, மாலை 6.30

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

சுண்ணாம்பு அண்ணே, சுரண்டிப் பார்த்தேன். இடுப்பளவு வரை கறுப்புச் சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இருக்கிறது, சாவி ஏறவில்லை. அதற்கு மேலே வெள்ளையாக, நகம் பட்டாலே உதிர்கிறது.

விடுதி விஷயத்தில் எனக்கே மனம் ஒப்பவில்லை. எங்கள் வரிசையில் நான் சின்னப் பையனாக இருந்தபோது கூடை பின்னுகிறவர், சாமிப்படச் சட்டம் போடுகிறவர், தையல்காரர் என்று எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997ல் ரத்து செய்தார்கள், 2000 பிறந்ததும் பழைய வாடகை போயிற்று. இரண்டே வருஷத்தில் பாதி வீடு காலி. கொஞ்ச காலம் காலி வீடுகளில் உண்ணும் பறவைக்கூடு வியாபாரத்துக்கு உழவாரன் குருவி வளர்த்தார்கள். சன்னலை அடைத்து, உள்ளே தண்ணீர் தெளித்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு. 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறிய பிறகு பாரம்பரிய வட்டாரத்திலிருந்து அதை வெளியேற்றினார்கள். அடுத்து வந்தது விடுதியும் காப்பிக்கடையும். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வரிசையில் விளக்கு எரியும் வீடுகளில் சொந்த ஊர்க்காரர் இரண்டே பேர்.

இன்னொரு சங்கடம். எங்கள் அஞ்சடியில் சுவரை ஒட்டி ஒரு ஒட்டுக்கடை இருக்கிறது. மரப்பெட்டி, கதவைத் திறந்தால் கடை. வெற்றிலை, சிகரெட், செய்தித்தாள். ராமநாதபுரத்துப் பெரியவர், தாத்தா காலத்திலிருந்து இருக்கிறார். நடைவழியை அடைக்கிறது, எடுக்கச் சொல் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

அரண்மனைவீதி | சனி, இரவு 8.00

ஒட்டுக்கடை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், செட்டியார்கள் கூடி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தவர். அதுவும் கடைவீடுதான். நீளக் கூடம், இரண்டு பக்கச் சுவரோரமும் ஆளுக்கொரு சாய்ந்த மேசைப்பெட்டி, பின்னால் மரப்பெட்டகம். அந்த ஆறடி இடம்தான் ஒருவருக்கு வங்கி, ராத்திரி பாய் விரித்தால் படுக்கை. சமையல் பொது. ஊரில் வளவும் முற்றமுமாக அவ்வளவு பெரிய வீடு கட்டியவர்கள் அங்கே ஆறடியில் வாழ்ந்தார்கள். அந்தக் கிட்டங்கிகள் இருந்த வரிசை பின்னாளில் இடிபட்டு உயரக் கட்டடங்கள் வந்துவிட்டன.

பெட்டியை எடுக்கச் சொல்லாதீர்கள் தம்பி.

கோடும்கல்லும் | சனி, இரவு 9.25

அஞ்சடி யாருக்கு என்பது இன்று நேற்றுத் தகராறு இல்லை. 1888ல் சிங்கப்பூரில் நகராட்சி அஞ்சடியிலிருந்த கடைச் சாமான்களை அகற்றப் போய், ஊரே கடையடைத்துக் கலவரம் ஆனது. ஆள் நடக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரியவர் இருக்கட்டும். அஞ்சடி நடப்பதற்கும் பிழைப்பதற்கும் சேர்ந்துதான் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் எல்லாம் 1989ல் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. பொதுச்சுவர், மர உத்தரம், முற்றம், ஓட்டுக்கூரை, மரச்சன்னல் ஆகியவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது விதி. வரலாற்று வட்டாரங்களில் முழுக் கட்டடமும் அப்படியே நிற்க வேண்டும். மற்றச் சில பகுதிகளில் முன்வீட்டை வைத்துக்கொண்டு பின்னால் புதிதாக எழுப்பலாம். இந்த இரண்டாவது வழியில்தான் எனக்குப் பிடித்த வேலைகள் நடந்திருக்கின்றன. ஜூ சியாட் பகுதியில் பழைய புத்தகக்கடையாக இருந்த ஒரு கடைவீட்டைச் சாங் ஆர்க்கிடெக்ட்ஸ் 2012ல் வீடாக மாற்றினார்கள். முன்வீட்டைப் பழைய பூச்சுத் தெரிய வைத்துவிட்டுப் பின்னால் புது வீடு, நடுவில் தோட்டம். முற்றத்தை அடைக்காமல் பெரிதாக்கினார்கள்.

கடைவீட்டுக்கே சம்பந்தமில்லாத ஊரிலும் இந்தப் பாடம் எடுபட்டிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் போர்னியோ, ஸ்போரன்பர்க் என்ற பழைய துறைமுகத் திட்டுகளில், 1990களில் வெஸ்ட் 8 என்ற வடிவமைப்பு நிறுவனம் போட்ட திட்டப்படி சுமார் 2,500 வீடுகள் எழுந்தன. ஒட்டி ஒட்டி நிற்கும் தாழ்வான வீடுகள். ஒவ்வொரு மனையிலும் 30 முதல் 50 விழுக்காடு வரை திறந்தவெளியாக, முற்றமாகவோ மாடித் திறப்பாகவோ விட வேண்டும் என்பது விதி. சில மனைகளில் முகப்பை அவரவர் விருப்பத்துக்கே விட்டார்கள். நாம் முகப்புக்குச் சட்டம் போட்டு உள்ளே விட்டுவிட நினைக்கிறோம், அவர்கள் உள்ளே இருக்கும் வெளிக்கே முதலில் சட்டம் போட்டார்கள். எனக்கு அவர்கள் வழிதான் சரியாகப் படுகிறது.

அம்மாவுக்காக ஒரு யோசனை. கண்ணாடி வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் கூரை மட்டத்துக்கு இரண்டடி மேலே தூக்கி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். சாரல் குறையும், சூடு வெளியேறும். அம்மா படுக்கும் ஒரு அறைக்கு மட்டும் ஏர்கான் வையுங்கள். குளியலறையை முற்றத்தின் இந்தப் பக்கமே கொண்டுவந்துவிட்டால் குடை தேவைப்படாது. உங்கள் வீடு பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்தால் எதைத் தொடும் முன்பும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

சுண்ணாம்பு | ஞாயிறு, காலை 6.40

தம்பி, நீ சொன்ன கறுப்புப் பூச்சு சிமெண்டு. நான் நெனச்ச மாதிரிதான்.

நல்லாக் கேட்டுக்க. இந்தச் செங்கல் மெத்துன்னு இருக்கும், தரையில இருந்து தண்ணிய உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அந்த ஈரம் வெளிய வந்து காத்துல போயிடும். சிமெண்டு விடாது. போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளயே ஏறும், எங்க சிமெண்டு முடியுதோ அங்க உப்போட வெளிய வரும். இடுப்பளவுல உப்புப் பூத்திருக்குன்னு சொன்னேல்ல, அதான். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே வேலையத்தான் பாக்கும்.

சிமெண்ட உளியால பைய எடுக்கணும். மெஷின் வெச்சு அடிச்சா செங்கல் மூஞ்சியும் சேந்து பிஞ்சிடும். எடுத்துட்டு மூணு நாலு மாசம் சும்மா விடு, சுவர் காயட்டும். அப்புறம் சுண்ணாம்பும் மணலும் போட்டுப் பூசலாம், மேல சுண்ணாம்பு வெள்ளை. அவசரப்பட்டா மறுபடி இதே கதைதான். அப்பறம் பக்கத்து வீட்ட யாராச்சும் இடிக்கிறாங்கன்னா உடனே ஓடு. பொதுச்சுவர்ல மழை நேரா அடிச்சா ஒரு பருவம் தாங்காது.

மாடியறை | ஞாயிறு, காலை 8.15

சூலியாத்தெரு, ஒன்று கேட்கிறேன். மாடி முன்னறையில், வாசலுக்கு நேர்மேலே, தரைப்பலகையில் ஒரு சின்னச் சதுர மூடி இருக்கிறதா? தூக்கினால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது. தம்பிகளோடு நான் சண்டை போட்டதெல்லாம் அந்த ஓட்டை வழியாக யார் பார்ப்பது என்றுதான்.

சூலியாத்தெரு | ஞாயிறு, இரவு 9.50

ஐயா, இருக்கிறது! மேலே பழைய பாய் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தேன், ஒட்டுக்கடைப் பெரியவரின் தொப்பி தெரிந்தது.

இன்று மாலை நானும் மச்சானும் ஏறி நடுமுற்றத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினோம். ஏழு மணிக்கு நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர் இறங்கவே இல்லை, முழங்கால் அளவு நின்றுவிட்டது. அம்மா பயந்துவிட்டார். கல்லை நகர்த்திப் பார்த்தால் வடிகாலில் முப்பது வருஷத்து மண், ஒரு பித்தளைக் கரண்டி, என் சின்ன வயது கோலிக்குண்டு இரண்டு. வாரி எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. போன பிறகு கீழே பச்சைக் கருங்கல் தளம், நடுவில் தேய்ந்து குழிந்து. மழை விட்டதும் முன்வாசல் பக்கமிருந்து காற்று வந்தது, எல்லாரும் உணர்ந்தோம். அம்மா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விடுதி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பின்பக்க மாடி மட்டும் வாடகைக்கு, அதுவும் ஊர்க்காரருக்கு. ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். பழுது பார்க்கக் கழற்றிய கூரை ஓடு நிறைய இருக்கிறது, பாதி பாசி பிடித்தது. தூக்கிப் போட்டுவிடலாமா?

சுண்ணாம்பு | ஞாயிறு, இரவு 10.05

ஒண்ணையும் எறியாத. பாசியப் பிரஷ்ஷால தேய்ச்சு, சுவரோரமா செங்குத்தா அடுக்கி வை. தட்டினா கணீர்னு சத்தம் வர்றது தனியா, மொட்டையா வர்றது தனியா. சனிக்கிழமை காலைல நான் வர்றேன்.